வரப்புல உக்காந்து கைலாசம் தேடுற தம்பிக்கு

வாங்க தம்பி, வாங்க. அந்தச் சிமெண்டுத் திண்ணையில உக்காராதீங்க, வைகாசி வெயிலு பொசுக்கிப்புடும். இப்படி வேப்ப மரத்தடிக்கு வந்துடுங்க. செருப்பைக் கழட்ட வேண்டாம். வெறுங்காலோட மண்ணை மிதிச்சா மனசுல உள்ள பாரமெல்லாம் எறங்கிடும்னு நீங்க சொன்னதா எம் பேத்தி சொன்னுச்சு. எறங்கும், இல்லேங்கல. வழியெல்லாம் நெருஞ்சி கெடக்கு, அதுமட்டும் எறங்காமப் பார்த்துக்குங்க.

மெட்ராஸ் வேலையில மாசம் பொறந்தா சம்பளம் வருது, நிம்மதிதான் வரலைன்னீங்க. இங்க ரெண்டும் வராது. ஆனா ரெண்டும் வரலைங்கிறதை நெனைச்சுப் பார்க்க நேரம் இருக்காது. அந்த மட்டுக்கும் லாபந்தான்.

6 மா வாங்கியிருக்கீங்க. ஏக்கர்ல சொன்னா ரெண்டு. உங்க தாத்தா காலத்துல இதே வாய்க்கால் பாசனத்துல 4 வேலி உங்களுது. ஒரு வேலிக்கு 20 மா, பெருக்கிக்குங்க. அதுல ஒரு பங்கு உங்க அப்பாவுக்குப் படிப்பாச்சு, ஒரு பங்கு அத்தைமாருக்கு நகையாச்சு, மிச்சம் மாம்பலத்துல வீடாச்சு. இப்ப வீட்டு மேல கடன் வாங்கி, வித்த நெலத்துலேயே 6 மாவைத் திரும்ப வாங்கி, வேரைத் தேடி வந்திருக்கேங்கிறீங்க. வித்தவங்களும் நீங்க, தேடுறவங்களும் நீங்க. நடுவுல ரெண்டு தடவையும் கமிஷன் வாங்கின தரகன் மட்டுந்தான் இந்த மண்ணுல வேரோட நிக்கிறான்.

எங்கப்பாரு உங்க தாத்தா பண்ணையில ஆளு. உங்க தாத்தா வரப்புல வந்தா இவரு சேத்துக்குள்ள எறங்கி நிப்பாரு, தோள் துண்டு இடுப்புக்குப் போயிடும். நான் உங்களை உக்கார வச்சு ‘தம்பி’ன்னு கூப்பிடுறேன். சிரிச்ச முகமாக் கேட்டுக்குறீங்க, நல்ல புள்ளை. அதனாலதான் நாலு வார்த்தை சொல்லணும்னு தோணுச்சு. கேக்குறதும் கேக்காததும் உங்க இஷ்டம். சொல்லாம இருக்குறது என் இஷ்டத்துல இல்லை.

விடியக்காலையில களத்துல பாயை விரிச்சு கண்ணை மூடி உக்காந்திருக்கீங்களே, மொத நாளு எஞ் சம்சாரம் பார்த்துட்டு, ‘பாவம், பட்டணத்துப் புள்ளைக்கு மயக்கம் போலருக்கு’ன்னு சொம்புல தண்ணியோட ஓடியாந்தா. அப்புறம் விசாரிச்சா, நெலத்தோட பேசிக்கிட்டிருந்தேன்னு சொன்னீங்களாம். அது பதில் சொல்லுச்சான்னு நான் கேட்டேன். ஒரு பெரிய அமைதி வந்துச்சுன்னீங்க.

அமைதியா இருந்துச்சுன்னா அது வாயைத் தொறக்கலைன்னு அர்த்தம். தொறந்தா தாங்க மாட்டீங்க. 2018 நவம்பர் 16-ந் தேதி தொறந்துச்சு. கஜான்னு பேரு வச்சாங்க. வேதாரண்யம் பக்கத்துல கரையேறி, ராத்திரி முழுக்கப் பேசிட்டு, விடியறதுக்குள்ள தென்னந்தோப்பு தோப்பாப் படுக்க வச்சுட்டுப் போயிடுச்சு. பேரப்புள்ளை கணக்கா வளத்த மரம். மறுநாள் காலையில இந்த ஊர்ல ஒருத்தரும் இயற்கையோட ஒண்ணாக் கலக்கணும்னு சொல்லலை. எங்க வீட்டுக் கூரை எந்த வயல்ல போயிக் கலந்திருக்குன்னுதான் தேடிக்கிட்டுத் திரிஞ்சோம்.

நீங்க வந்த புதுசுல ஜீவாமிர்தம் கரைச்சீங்க. ஒரு ஏக்கருக்கு 200 லிட்டர் தண்ணி, 10 கிலோ சாணி, 10 லிட்டர் கோமியம், 2 கிலோ வெல்லம், 2 கிலோ பயறு மாவு. தம்பி, சாணி கொடுத்தது எம் மாடு, காசு கொடுத்தது நீங்க, அதுல எனக்கு ஒரு வருத்தமும் கெடையாது. ஆனா வீட்டுல சக்கரை வேண்டாம்னு டாக்டர் சொன்னதுனால வெறும் டீ குடிக்கிற மனுசன், வயலுக்கு மட்டும் வெல்லம் கரைச்சு ஊத்துறதைப் பார்த்து எம் மாடே ஒரு மாதிரி திரும்பிப் பார்த்துச்சு. கேலி பண்ணல. சாணி மண்ணுக்கு நல்லதுன்னு நாங்க எந்தப் புஸ்தகத்துலயும் படிக்கலை, ஆனாத் தெரியும். சம்பா அறுப்பு முடிஞ்சதும் ராமநாதபுரத்துப் பக்கத்துலேருந்து கீதாரிங்க ஆடு ஓட்டிக்கிட்டு வந்து கிடை போடுவாங்க. ராத்திரி முழுக்க ஆடு படுத்த வயலு அடுத்த பட்டத்துல தனியாத் தெரியும். நீங்களும் கிடை போடுங்க, செலவு கம்மி. ராத்திரிக்குக் கீதாரியோட உக்காந்து பேச்சுக் கொடுங்க. மழை, பாம்பு, போலீஸ்காரர், பொண்டாட்டி, எல்லாத்தைப் பத்தியும் அவருக்கு ஒரு தீர்மானம் உண்டு.

அப்புறம் மாப்பிள்ளை சம்பா. ஆசைப்பட்டீங்க, நல்ல ஆசை. திருத்துறைப்பூண்டி பக்கம் ஆதிரெங்கத்துல நெல் ஜெயராமன் 2006-லேருந்து நெல் திருவிழா நடத்தினாரு. தொலைஞ்சு போன பழைய ரகங்களை ஊர் ஊராத் தேடி 150-க்கு மேல சேர்த்தாரு. 2018 டிசம்பர்ல போய்ச் சேர்ந்துட்டாரு. அவரு வச்ச ஏற்பாடு ஒண்ணு உண்டு: வெதை 2 கிலோ வாங்கிட்டுப் போறவங்க அடுத்த வருஷம் 4 கிலோவாத் திருப்பிக் கொண்டாரணும். காசு இல்லை, நெல்லு. உங்களுக்கும் ஒரு கைப்பை வெதை அந்த மாதிரிக் கைமாறித்தான் வந்துச்சு. வாங்கினப்ப அதைக் கண்ணுல ஒத்திக்கிட்டீங்க, நானே பார்த்தேன். இப்ப அறுப்பு முடிஞ்சு மாசக்கணக்காச்சு, திருப்பிக் கொடுத்தாச்சா? இல்லையா? சரி சரி, தலையைக் குனிஞ்சுக்காதீங்க. ஒத்திக்கிட்ட கண்ணு அங்கேயேதான் இருக்கு, நாளைக்குக் கொண்டு போய்க் கொடுத்துடலாம்.

அந்த மாப்பிள்ளை சம்பா என்னாச்சு? அது ஆளு மட்டத்துக்கு வளர்ற பயிரு. 160 நாளு நிக்கணும். நெதானமா வளரும். கார்த்திகை மாசத்துல வெளுத்தாப்புல இருக்குன்னு உங்களுக்குப் பொறுக்கலை. பகல்ல ஜீவாமிர்தம் தெளிச்சீங்க. ராத்திரி 9 மணிக்கு மேல, செல்போன் வெளிச்சத்துல, தாம்பாளத்துல வச்சு யூரியா தூவினீங்க. எனக்கு எப்படித் தெரியும்னு பார்க்கறீங்களா? இந்த ஊர்ல ராத்திரி 9 மணிக்கு வயல்ல வெளிச்சம் தெரிஞ்சா ஒண்ணு எலி புடிக்கிறவன், இல்லேன்னா கள்ளப் புருசன். நீங்க ரெண்டும் இல்லைன்னு தெரியும். பத்தாம் நாளு பயிரு கருகருன்னு எழும்புச்சு. மார்கழிப் பனியில ஒரு சின்னக் காத்துதான், பாதி வயலு பாய் விரிச்ச மாதிரி படுத்துடுச்சு. சாஞ்ச பயிரை அறுக்க மிஷின்காரன் கூடுதல் மணி கேட்டான். நான் இதை யார்கிட்டயும் சொல்லலை. எஞ் சம்சாரத்துக்கிட்ட மட்டுஞ் சொன்னேன். அவ யார்கிட்டயும் சொல்லாதீங்கன்னு சொல்லித்தான் எல்லார்கிட்டயும் சொன்னா.

ஜப்பான்காரர் ஃபுகோகா எழுதின ‘ஒற்றை வைக்கோல் புரட்சி’யை எம் பேத்திக்குப் படிக்கக் கொடுத்தீங்கல்ல. அது சாயங்காலத்துல எனக்குப் படிச்சுக் காட்டுச்சு. ஒண்ணுமே செய்யாம வெவசாயம் பண்ணலாம்னு அவரு சொல்றாருன்னு நீங்க சொன்னீங்க. நான் நல்லாக் காது கொடுத்துக் கேட்டேன் தம்பி. அந்த மனுசன் மொதல்ல அப்பாரோட ஆரஞ்சுத் தோப்பைக் கவனிக்காம விட்டாரு, கெளை கெளையாப் பின்னி, பூச்சி விழுந்து, மரம் பட்டுப் போச்சு. கைவிடுறது வேற, தானா வளர விடுறது வேறன்னு அதுக்கப்புறந்தான் புடிபட்டுச்சுன்னு அவரே எழுதியிருக்காரு. அந்தப் பக்கத்தை நீங்க தாண்டிட்டீங்க போல. எங்க மூத்த மச்சான் எந்தப் புஸ்தகமும் படிக்காம பல வருஷமா ஒண்ணுமே செய்யாம வெவசாயம் பண்ணினாரு. அவருக்கு யாரும் ஜப்பான்லேருந்து கூப்பிட்டு மாலை போடலை.

சரி, சாமி விஷயத்துக்கு வருவோம். அதுக்குத்தானே வந்தீங்க.

ஐப்பசியில ஒரு நாளு உங்க வயல்ல தண்ணி நிக்கலைன்னு ஓடி வந்தீங்க. ராத்திரி ரொம்ப வச்ச தண்ணி, காலையில சேறு தெரியுது. மடை அடைச்சபடி இருக்கு, வரப்பு ஒடையலை. மோட்டாரைப் போடட்டுமான்னு கேட்டீங்க. நண்டு வளைன்னு நான் சொன்னேன். எங்க இருக்குன்னு கேட்டீங்க. அது தெரிஞ்சா நண்டுக்கு என்ன மரியாதை?

அன்னைக்கு உங்களைக் கைலியை மடிச்சுக் கட்டச் சொல்லி உள்ளே எறக்கினேன், ஞாபகம் இருக்கா? வரப்பை ஒட்டி, உள்பக்கமா, அடி மேல அடி வச்சு வரச் சொன்னேன். கண்ணு வேலைக்கு ஆகாது, கலங்கல் தண்ணி. காதும் ஆகாது, தவளைச் சத்தம். கட்டைவிரல்தான். எங்க தண்ணி ஓசைப்படாம வெளியில போகுதோ அங்க விரலுக்குக் கீழ ஒரு இழுப்புத் தெரியும். ரொம்ப லேசு. அவசரப்பட்டு நடந்தா தாண்டிப் போயிடுவீங்க. மொத தடவை தாண்டினீங்க. ரெண்டாவது தடவையும் தாண்டினீங்க. மூணாவது தடவை முகம் மாறிப் போயி, அப்படியே நின்னீங்க. கொக்கு நிக்கிற நிப்பு. ‘இங்கதான்’னு சொன்னப்ப உங்க கொரலு பாதிதான் வெளியில வந்துச்சு. உடனே வெளிப்பக்கம் போயி அடைக்கப் பார்த்தீங்க, நான் வேண்டாம்னேன். வெளியில அடைச்சா தண்ணி வேற வழி தேடும், வரப்பே ஊறி உக்காந்துடும். உள்பக்கம், வாய் இருக்குற எடத்துலேயே, களிமண்ணை உருட்டி வச்சு குதிகாலால அழுத்தி மிதிக்கணும். மிதிச்சீங்க. இழுப்பு நின்னுச்சு.

அந்த நேரம் முழுக்க உங்களுக்கு மெட்ராஸ் ஞாபகம் வந்துச்சா? கடன் தவணை ஞாபகம்? நிம்மதியாத்தான் இருக்கோமான்னு ஒரு தடவையாச்சும் உள்ளே எட்டிப் பார்த்தீங்களா? பார்த்திருக்க மாட்டீங்க. பார்த்திருந்தா நண்டு தப்பிச்சிருக்கும். களத்துல பாயில உக்காந்து மாசக்கணக்காத் தேடுனது அங்க வந்துச்சு, நீங்க நண்டைத் தேடுனதுனால. ஆனா அதுக்காக இனிமே தெனமும் நண்டு தேடுறேன்னு கிளம்பிடாதீங்க. உங்களை எனக்குத் தெரியும், சிநேகிதங்களைக் கூட்டிக்கிட்டு வந்து ‘நண்டு தியான முகாம்’னு போர்டு வச்சிடுவீங்க.

அதுக்கடுத்த வாரம் உங்களுக்குச் சேத்துப்புண்ணு வந்துச்சு. விரலிடுக்குல வெந்து போயி நடக்க முடியலை. எஞ் சம்சாரம் மருதாணியை அரைச்சு அப்பிவிட்டா. காலு செவந்து போயி, மெட்ராஸ்ல ஆபீஸுக்குப் போனப்ப யாரோ கேட்டாங்களாமே, வீட்டுல விசேஷமான்னு. மாப்பிள்ளை சம்பா போட்டவருக்கு மருதாணிச் சடங்கு நடந்துச்சுன்னு சொல்லியிருக்கலாம்.

திருத்துறைப்பூண்டி பக்கத்துல தண்டலைச்சேரின்னு ஒரு ஊரு. அரிவாட்டாய நாயனாரை அந்த ஊர்க் கோயிலோட சேர்த்துச் சொல்லுவாங்க. கணமங்கலத்துக்காரரு. நல்லா வாழ்ந்த குடி. தெனமும் சாமிக்குச் செந்நெல் சோறு, கீரை, மாவடு. அப்புறம் நொடிச்சுப் போயிட்டாரு. நொடிச்சுப் போனதும் மலைக்குப் போகலை, கூலிக்கு அறுக்கப் போனாரு. செந்நெல்லு கூலியா வந்தா அது சாமிக்கு, கார்நெல்லு வந்தா தனக்கு. அதுலயும் சாமி வெளையாடிச்சு, போற வயலெல்லாம் செந்நெல்லாவே வெளைஞ்சுது. கார்நெல்லு இல்லைன்னா இவருக்குச் சோறு இல்லை. கீரையைத் தின்னாரு, கீரை தீர்ந்ததும் தண்ணியைக் குடிச்சாரு. ஒரு நாளு சாமிக்குச் சோத்துக்கூடையைத் தூக்கிக்கிட்டு வயல் வழியாப் போறப்ப, பசி மயக்கத்துல தடுக்கி விழுந்தாரு. சோறும் கீரையும் மாவடுவும் வெடிச்சுக் கெடந்த வயலுக்குள்ள கொட்டிப் போச்சு. சாமிக்குக் கொடுக்க முடியலையேன்னு கையில இருந்த அரிவாளைக் கழுத்துல வச்சுட்டாரு. அப்ப அந்த வெடிப்புக்குள்ளேருந்து ஒரு கை வந்து புடிச்சுது, மாவடுவை நறுக்குன்னு கடிக்கிற சத்தமும் கேட்டுச்சு.

எனக்கு இந்தக் கதையில புடிச்சது அந்தக் கடிதான். சாமி வந்தா மணிச் சத்தம் கேக்கும், சங்கு கேக்கும்னு சொல்லுவாங்க. இங்க ஊறுகாய் கடிக்கிற சத்தம். அதுவும் கோயிலுக்குப் போய்ச் சேர்றதுக்கு முன்னாடியே, பாதி வழியில, வாய் பொளந்த வயல்ல. நீங்க பங்குனி சித்திரையில வந்து வெடிப்பைப் படம் புடிச்சு, ‘மண்ணின் தாகம்’னு எழுதிப் போட்டீங்களே. படம் நல்லா இருந்துச்சு. ஆனா தம்பி, உள்ளே ஒரு மாவடுவைப் போட்டுப் பார்த்தீங்களா?

அதே நாயன்மார் அறுபத்து மூணு பேருல நந்தனாரும் உண்டு. ஆதனூர்க்காரரு, சேரியில பொறந்தவரு. சிதம்பரத்துக்கு நாளைக்குப் போவேன், நாளைக்குப் போவேன்னு சொல்லிக்கிட்டே கெடந்தாரு. கோபாலகிருஷ்ண பாரதி பாடின நந்தனார் சரித்திரத்துல ஒரு வேதியரு வருவாரு, நெலத்துச் சொந்தக்காரரு. 40 வேலியையும் அறுத்து முடிச்சுட்டுச் சிதம்பரம் போங்கறாரு. ஒரே ராத்திரியில சாமியே அறுத்துக் கொடுத்துடுச்சுன்னு கதை. சேக்கிழார் புராணத்துல அந்த வேதியரு கெடையாது, பின்னால வந்தவரு சேத்த ஆளுன்னு படிச்சவங்க சொல்லுவாங்க. எங்கப்பாரு சேக்கிழாரையும் படிக்கலை, பாரதியையும் படிக்கலை. கதாகாலட்சேபத்துல வெளியில நின்னு கேட்டாரு. அந்த 40 வேலி மட்டும் அவருக்குக் கட்டுக்கதையாத் தெரியலை.

இதை ஏன் சொல்றேன்னா, நீங்க சாமியைத் தேடி வேலைக்கு லீவு போட்டுட்டு வயலுக்கு வந்திருக்கீங்க. அவரு சாமியைத் தேடி வயலுக்கு லீவு கேட்டாரு. ரெண்டு பேரும் எதிரும் புதிருமாப் போறப்ப வழியில சந்திச்சிருந்தா, உங்க பாயைப் பார்த்து அவரு என்ன நெனைச்சிருப்பாருன்னு நான் அப்பப்ப யோசிப்பேன். அவருக்குச் சிரிப்பு வந்திருக்கும்னுதான் தோணுது.

எங்கப்பாருக்கு அறுத்துக் கொடுக்க ஒரு சாமியும் எறங்கலை. 1952-ல ஒரு சட்டம் எறங்குச்சு, தஞ்சாவூர்ப் பண்ணையாள் பாதுகாப்புச் சட்டம். நெனைச்ச நேரத்துல ஆளைத் தொரத்த முடியாதுன்னு ஆச்சு. உங்க தாத்தா அதுக்கப்புறம் எங்கப்பாரை ஒரு மாதிரிதான் பார்ப்பாராம். 1968 டிசம்பர் 25-ந் தேதி கீழ்வெண்மணியில, கூலி கொஞ்சம் கூடக் கேட்டவங்க குடும்பத்துல 44 பேரை ஒரே குடிசையில வச்சு எரிச்சாங்க. பொம்பளைங்க, புள்ளைங்க. இதுல கேலி பேச ஒண்ணும் இல்லை, தம்பி. நெலம் யாரையும் பேதம் பார்க்காது, அணைச்சுக்கும்னு நீங்க எழுதுனதைப் பேத்தி படிச்சப்ப நான் எந்திரிச்சு மாட்டுக்குத் தண்ணி காட்டப் போயிட்டேன்.

அதுக்கப்புறம் 1981-ல கிருஷ்ணம்மாள் ஜெகந்நாதனும் அவரு வீட்டுக்காரரும் லாஃப்டின்னு ஒரு இயக்கத்தை ஆரம்பிச்சாங்க. நெலத்தை வெலை பேசி வாங்கி, அந்த நெலத்துல கூலிக்கு நட்ட பொம்பளைங்க பேருக்கே எழுதி வைக்கிற வேலை. எங்க சின்னம்மா மாதிரி எத்தனையோ பேருக்கு வந்துச்சு. பத்திரத்தை வாங்குன அன்னைக்கு எங்க சின்னம்மா ஒண்ணும் செய்யலை. மண்ணை எடுத்து நெத்தியில வைக்கலை, அழுவலை. வரப்பு மேல ஏறி நாலு பக்கமும் சுத்தி நடந்தா, அவ்வளவுதான். அதுவரைக்கும் சேத்துக்குள்ளேயே நடந்தவ. மறுநாள் பக்கத்து வயக்காரரோட வரப்புச் சண்டை போட்டா, உன் பக்கம் ரெண்டு சாண் தள்ளியிருக்குன்னு. எங்களுக்கெல்லாம் அப்பத்தான் சந்தோஷம். நெலம் சொந்தமாச்சுன்னு அந்தச் சண்டையிலதான் ஊருக்கே உறுதியாச்சு.

உங்களுக்கு இன்னும் யாரும் வரப்புச் சண்டைக்கு வரலை, கவனிச்சீங்களா? உங்க கீழ மடைக்காரரு, அதான் அந்தக் கறுத்த மனுசன், சம்பாவுல நீங்க மடையைத் தொறந்து போட்டுட்டுக் கண்ணை மூடி உக்காந்த அன்னைக்கு அவருக்கு முறைத்தண்ணி போகலை. நாத்து வாடிப் போச்சு. அவரு உங்ககிட்ட வந்து, ‘பரவாயில்லைங்க சார்’னு சொல்லிட்டுப் போனாரு. நீங்க அதை இந்த ஊர்ச் சனங்களோட பெருந்தன்மைன்னு எழுதிட்டீங்க. என்கிட்ட வந்து அவரு உங்களைப் பேசுன பேச்சை எழுதினா பத்திரிகைக்காரன் போட மாட்டான். ‘சார்’னு சொல்ற வரைக்கும் நீங்க விருந்தாளி. அவரு உங்க முகத்துக்கு நேரா, உங்க அப்பன் பாட்டனையெல்லாம் இழுத்து என்னைக்கு வையறாரோ, அன்னைக்கு ஒரு பொங்கல் வச்சிடுங்க. ஊர்ல சேத்துக்கிட்டாங்கன்னு அர்த்தம்.

அதுக்கும் ஒரு குறுக்கு வழி இருக்கு, வாய்க்கால் வெட்டு. மேட்டூர் அணையை 1934-ல கட்டி முடிச்சாங்க. ஜூன் 12-ல தொறக்கணும்கிறது கணக்கு. கணக்குத்தான். 2022-ல மே 24-லேயே தொறந்தாங்க, 2024-ல ஜூலை 28 ஆச்சு. எந்தத் தேதியில தொறந்தாலும், கல்லணை வந்து, வெண்ணாத்துல எறங்கி, நீடாமங்கலம் மூணாறு தலைப்புல கோரையாறு பாமணியாறுன்னு பிரிஞ்சு, அங்கேருந்து கிளை வாய்க்காலு, அதுலேருந்து நம்ம கன்னி வாய்க்காலுன்னு வர்றதுக்குள்ள தண்ணிக்கே அலுத்துப் போயிடும். எம் பேத்தி பரீட்சை முடிவைப் பார்க்குறதுக்கு முன்னாடி மேட்டூரு நீர்மட்டத்தைப் பார்க்குது. 120 அடி நெறைஞ்சா எங்க வீட்டுல சாமிக்கு ஒரு சூடம் அதிகம். அப்படி வர்ற தண்ணி கடைசி நூறடியில ஆகாயத்தாமரையில முட்டிக்கிட்டு நின்னா வயிறு எரியுமா எரியாதா?

அதனால தண்ணி வர்றதுக்கு முன்னாடி வாய்க்கால் வெட்டு. வீட்டுக்கு ஒரு ஆளு. போன வருஷம் உங்களைக் கூப்பிட்டோம். கூட்டம் இருக்குன்னு சொல்லி, உங்க பங்குக் கூலியைப் போன்லயே அனுப்பிட்டீங்க, கூடவே ஒரு கும்புடு பொம்மையும். காசு ஒழுங்கா வந்து சேர்ந்துச்சு, குறை சொல்லப்படாது. ஆனா அன்னைக்கு வாய்க்காலுக்குள்ள இடுப்பளவு சகதியில நின்னுக்கிட்டு, யாரு வீட்டுல யாரு ஓடிப்போனா, எந்த மாடு சினை, எந்தக் கெழவனுக்கு இன்னும் எத்தனை நாளுன்னு எல்லாம் பேசித் தீர்த்தோம். உங்களைப் பத்தியும் பேசுனோம். நீங்க இருந்திருந்தா உங்களைப் பத்திப் பேசியிருக்க மாட்டோம், உங்களுக்கு அடுத்த வயக்காரரைப் பேசியிருப்போம். பாருங்க, ஒரு நாள் சகதியை மிச்சம் புடிச்சு எவ்வளவு கெட்ட பேரைச் செலவு பண்ணிட்டீங்க.

வரவு செலவு? அதை விடுங்க. உழுதவன் கணக்குப் பார்த்தா உழக்குக்கூட மிஞ்சாதுன்னு தெரிஞ்சும் கம்ப்யூட்டர்ல கட்டம் போட்டுக் கணக்கு எழுதி, ராத்திரியெல்லாம் தூங்காம இருந்தீங்களாம். சொல்லி வச்சவன் முட்டாளா? ஒண்ணு மட்டும் சொல்றேன். அடுத்த தடவை கொள்முதல் நெலையத்துக்கு நெல்லு போறப்ப ஆளை அனுப்பாதீங்க, நீங்களே போங்க. 40 கிலோ சிப்பம் போட்டு எடுப்பாங்க, ஈரம் 17 சதம் தாண்டப்படாது. மானம் கருத்துக்கிட்டு வரும். எல்லாரும் தார்ப்பாயைத் தூக்கிக்கிட்டு ஓடுவாங்க, உங்க குவியலை மூட இன்னொருத்தன் கை வேணும், அவன் குவியலை மூட உங்க கை வேணும். அப்புறம் நெல்லு குவியல்ல சாஞ்சு படுத்து, காவல் காக்குற சாக்குல விடிய விடியப் பேச்சு. நெல்லு முதுகுல குத்தும், சுணை அரிக்கும். அந்த அரிப்போட யாரோ ஒருத்தன் பீடியைப் பத்த வச்சுக்கிட்டுச் சொல்ற கதையைக் கேட்டீங்கன்னா, மலைமேல இருக்குற உங்க குருநாதரு ஏன் அவ்வளவு காசு வாங்கிக்கிட்டுப் பேசாம உக்காந்திருக்காருன்னு சந்தேகம் வந்துடும்.

சரி, நெழலு நகந்துடுச்சு. நாளைக்கு விடியக்காலை 5 மணிக்கு வாய்க்கால் வெட்டு, தலைமடையிலேருந்து. என்கிட்ட மம்பட்டி ரெண்டு இருக்கு. நல்லது எனக்கு, காம்பு ஆடுறது உங்களுக்கு. வெட்டி எடுக்குறதை உங்க வரப்பு மேல போடாம எதிர்க்கரையில போடுங்க, இல்லேன்னா மழைக்குத் திரும்ப உள்ளே வந்துடும். கீழ மடைக்காரருக்குப் பக்கத்துல நில்லுங்க. 10 மணிக்கு எல்லாருக்கும் டீயும் வடையும், அது உங்க செலவு. புது ஆளுதான் கொடுக்கணும்னு இங்க வழக்கம்.

இப்பத்தான் வச்ச வழக்கம், ஆனாலும் வழக்கம்.

அப்புறம் அந்த வைக்கோல் போரு. மாப்பிள்ளை சம்பா வைக்கோலு நீட்டமா இருக்கும், எம் மாடு விரும்பித் தின்னும். மாடு இல்லாத உங்களுக்குப் போரு எதுக்கு, மழையில நனைஞ்சு மக்கவா? பாதியை நான் எடுத்துக்குறேன். முக்காலா? நீங்களே சொன்னா நான் என்ன மாட்டேன்னா சொல்லப் போறேன். இன்னொண்ணு, ஞாயித்துக்கிழமை உங்க சிநேகிதங்க இயற்கை வெவசாயம் பார்க்க ரெண்டு காருல வர்றாங்கன்னு கேள்விப்பட்டேன். உங்க மோட்டார் கொட்டாயில கதவுக்குப் பின்னாடி காலி யூரியாச் சாக்கு ஒண்ணு தொங்குது. போறப்ப அதை எடுத்து என்கிட்ட கொடுத்துட்டுப் போயிடுங்க, சாணி அள்ள எனக்கு ஒரு சாக்கு வேணும்.